ஹென்டர்சனுக்குப் போன கட்டு

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், எல்லாம் முடிந்த பிறகு, எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி இருந்தது. எங்கள் அச்சகத்தின் பெயர், தெரு, ஒனிஹங்கா என்ற ஊர். அதை அங்கே வைத்தவன் நான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. வைக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் தாடை உடைந்தது. அதைவிடக் கேவலமான ஒன்றும் நடந்தது. அதைச் செய்தவர்கள் இரும்புக் கம்பியோடு வந்த முரடர்கள் இல்லை, நாங்கள். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பத்திரிகையில் யார் பெயரும் வராது. இதிலும் வர வேண்டாம்.

நான் பினாங்கில் அச்சுத்தொழில் பழகியவன். அங்கே எந்தத் தாளை அடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாட்டிக்கொள்வோம். ஒரு முறை தேர்தல் நேரத்தில் யாரோ அவசரப்படுத்தி அடித்துக்கொண்டு போன துண்டறிக்கையில் அந்த வரி விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். முதலாளி வாசலில் நின்று கெஞ்சினார். யார் தள்ளினார்களோ, படியில் முகம் அடித்து முன்பல் இரண்டு போயிற்று. அவர் வாயிலிருந்து வழிந்ததை நான்தான் துடைத்தேன். கைக்குக் கிடைத்தது மை துடைக்கும் துணி. முகமெல்லாம் கறுப்பும் சிவப்புமாக ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தை அமைத்தாலும் முதலில் அடிவரியைத்தான் வைப்பேன், தலைப்பெல்லாம் அப்புறம். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட வைத்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மனைவியோடு ஆக்லாந்துக்கு வந்தேன். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. நியூ லின் புறநகரில் வீடு, மார்ட்கேஜ், மழைக்கு ஒழுகும் கராஜ். எனக்கு ஒனிஹங்காவில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகத்தில் வேலை கிடைத்தது. முதலாளி வெள்ளைக்காரர், சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் கடைப்பக்கம் வருவார். டெய்ரி என்கிற மூலைக்கடைகளுக்கு ரசீதுப் புத்தகம், ரக்பி கிளப்புக்கு டிக்கெட் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. அங்கேதான் ஒரு நாள் அந்தப் பெண் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள். இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவள். இடதுகையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருக்கும். தொழிற்சாலையை மூடியதும் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் இருந்தவை ஒரு பழைய பத்திரிகையின் நகல்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் இதே ஊரில், துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக்கடையின் பின்னறையில் அடித்தது. "அனார்க்கிஸ்ட் பத்திரிகை," என்றாள். எனக்குத் திக்கென்றது. தமிழில் அதற்கு அராஜகம் என்போம்; நமக்கு அராஜகம் என்றால் கடையை உடைப்பது, பஸ்ஸைக் கொளுத்துவது. அவளிடம் அதைச் சொன்னதற்குச் சிரித்தாள். தலைவன் இல்லாமல் வேலை பார்ப்பதுதான் என்றாள். தலைவன் இல்லாமல் எந்த வேலை நடக்கும் என்று கேட்டேன். "உங்கள் முதலாளி மூன்று நாளாக வரவில்லை, மெஷின் ஓடுகிறதே," என்றாள். 

அவள் சொல்லச் சொல்ல அந்தப் பழைய ஆட்கள்மேல் எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. செருப்புத் தைப்பவர் ஒருவர், துணி வெளுக்கும் பெண் ஒருத்தி, கப்பலை விட்டு இறங்கிய மாலுமி ஒருவர், ஈய எழுத்துகளை அடுக்கிப் பக்கம் அமைக்கிற, எந்த நாட்டுக்காரர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத எழுத்துக்கோப்பவர் ஒருவர். நாலு பக்கம். ஆசிரியர் கிடையாது. எழுதியவர் பெயர் கிடையாது. வந்ததைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். எழுத்துக்கோப்பவர் தனக்கு ஒவ்வாத வரியைக் கோக்க மறுக்கலாம்; கை அவருடையது என்று விட்டுவிடுவார்கள். கேட்டவர் போலீஸ்காரராகவே இருந்தாலும் ஒரு பிரதி இல்லையென்று சொல்லக் கூடாது.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தபோது கப்பல் முதலாளிகள் பக்கம் நின்ற கூட்டம் ஒன்று நீளத் தடிகளோடு தெருவில் இறங்கியது. செருப்புக்கடைக்குள் புகுந்து மெஷினைச் சம்மட்டியால் அடித்தார்கள். ஈய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டினார்கள். துணி வெளுக்கும் பெண்ணை முடியைப் பிடித்துத் தெருநெடுக இழுத்தார்கள்.

"அதோடு பத்திரிகை செத்ததா?" என்று கேட்டேன்.

"அதில் சாகவில்லை. அதற்கப்புறம் பத்திரிகைக்காரர்களே அதைக் கொன்றார்கள்."

அச்சடிக்கும் இடத்தை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. அந்நியர் என்பதால் எழுத்துக்கோப்பவர்மேல் விழுந்தது. அவரைப் பட்டறையில் உட்காரவைத்து, செருப்புச் சுத்தியலால் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த இதழைக் கோக்க ஆளில்லாமல் பத்திரிகை நின்றது. ஆனாலும் மாலுமிகள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன பிரதிகள் கடல் தாண்டிப் போய், அங்கங்கே வேலையில்லாதவர்களும் சுரங்கக்காரர்களும் அதே விதிகளை வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள் என்று அவள் தேடிப் பிடித்திருந்தாள். அதையெல்லாம் இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதியிருந்தாள். இப்போது அவளும் பத்துப் பேரும் அதே விதிகளோடு புதிதாக ஒரு பத்திரிகை தொடங்குகிறார்கள். அந்தக் கட்டுரையைப் பக்கமாக அமைத்ததும் பிழை திருத்தியதும் அச்சடித்ததும் நான். ஒவ்வோர் எழுத்தும் என் கண்வழியாகத்தான் போனது. இது நினைவில் இருக்கட்டும்.

இதழின் மற்றப் பாதி ஹென்டர்சன் என்ற புறநகரைப் பற்றியது. அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆட்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு, வாசலில் மறியலுக்கு நின்றவர்களை விரட்ட முரடர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். வேனை ஏற்றி ஒருவரின் காலை உடைத்திருந்தார்கள். வேனின் நம்பரோடு, ஓட்டியவனின் அடையாளத்தோடு பத்திரிகை அதை எழுதியது. எங்கள் அச்சக முதலாளி படித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அடித்துக் கொடு. ஆனால் என் கடை விலாசம் அதில் இருக்கக் கூடாது," என்றார். அவளும் அதையேதான் சொன்னாள்.

மடிப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் கராஜில் வாடகைக்கு இருந்தவரைக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது, அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தவர். ஊரில் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஆயுதம் ஏந்திய ஒரு தரப்பு சொல்லியிருக்கிறது. மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். மறுநாள் சுட இருந்தவர்கள் கையிலிருந்து எப்படியோ தப்பி ஓடியிருக்கிறார். முதுகில் வயர் பதிந்த தடங்களை என் மனைவி பார்த்திருக்கிறாள். தான் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் அவருடைய விண்ணப்பமே. இந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு பேச்சை நம்பிய நாலைந்து பேர். அதில் நானும் ஒருவன்.

அச்சடித்த அன்று கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. மெஷினில் தாள் ஓடத் தொடங்கி நூறு, நூற்றைம்பது போன பிறகுதான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் வரி இருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தி, பிளேட்டில் அந்த இடத்தைத் தேய்த்து அழித்துவிட்டு மீதியை ஓட்டினேன். முதலில் விழுந்த தாள்களைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். தாளில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. நல்ல தாள், நல்ல அச்சு, எழுத்து முழுசாக இருக்கிறது. அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அத்தனை பொடி எழுத்தை எவன் படிக்கப் போகிறான் என்று அடுக்கின் அடியிலேயே விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் மடித்தார், மர ஸ்கேலால் அழுத்தி, ஓரம் ஓரத்தோடு பொருந்த. அடியில் கிடந்தவை சேர்ந்த கட்டு ஹென்டர்சனுக்கு என்று விழுந்தது. அவரே அதை ரயிலில் கொண்டுபோய் மறியல்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த முரடர்களின் வேன் வந்தது. கடையில் நானும் அவளும்தான்; மீதிக் கட்டுகளை எடுக்க வந்திருந்தாள். நாலு பேர். ஒருவனும் சத்தம் போடவில்லை. முதலில் ஜன்னல் கண்ணாடி, பிறகு மெஷின். கம்பி உருளையில் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் என் பல் கூசியது. நான் குறுக்கே போனேன். வயிற்றில் ஒரு குத்து, கீழே விழுந்ததும் விலாவில் பூட்ஸ் கால். மூச்சு வரவில்லை. அவள் மட்டும் ஒதுங்கவில்லை. காகிதம் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினாள். ஒருவன் திரும்பிப் பார்த்து, அவசரமே இல்லாமல், கம்பியை அவள் முகத்தில் வீசினான். காய்ந்த கட்டையை முறிக்கிற மாதிரிச் சத்தம். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயை மூட முடியாமல், அழவும் முடியாமல், ரத்தமும் எச்சிலுமாகக் கட்டுகளின்மேல் சரிந்தாள். போகும்போது ஒருவன் கையில் சுருட்டி வைத்திருந்த பத்திரிகையை என்மேல் எறிந்துவிட்டுப் போனான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம். வரி இருந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். போலீஸ்காரர்கள் வந்து கேட்டபோது வேனைப் பற்றிச் சொன்னேன், ஆட்களைப் பற்றிச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பகலில் கூட்டம். அவளோடு வாழ்ந்த வெல்டர் ஒருவன் இருந்தான்; அவனுடைய வீட்டுப் பின்பக்க ஷெட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். அவள் தாடைக்குக் கம்பி போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர்கள் கையில் இருந்த பிரதிகளிலெல்லாம் அடியில் வெறும் இடம்தான். ஹென்டர்சன் வாசலில் இருந்தவர்கள் பார்த்திருந்தாலும், எந்தப் பத்திரிகையிலும் இருக்கிறதுதானே என்று விட்டிருப்பார்கள். ஆகவே கேள்வி ஒன்றுதான்: கடையை யார் காட்டிக்கொடுத்தது? யாழ்ப்பாணத்துக்காரர் தொழிற்சாலைக் கேட் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக மறியலிலிருந்து ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் வட்டத்தில்தான் இருந்தார்; ஆங்கிலம் போதாது. அவர்கள் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான்.

"கேட்காரன்கிட்ட என்னா பேசுனீங்கன்னு கேக்குறாங்க."

"ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. பேப்பர் ஒண்டு தா எண்டான், குடுத்தனான். ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லக் கூடாதெண்டுதானே அந்த அக்கா சொன்னவ."

காவலாளிக்குப் பத்திரிகை கொடுத்ததாகச் சொல்கிறார் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். பின்பாதியை விழுங்கிவிட்டேன். அது பழைய பத்திரிகையின் விதி. சொல்லியிருந்தால் அந்த ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் உறைத்திருக்கும்.

வெல்டர் எழுந்து வந்து முகத்தில் குத்தினான். அவர் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். உதைத்தார்கள். ஒருவன் அவருடைய கையை மிதித்தான். அவர் கத்தவில்லை, அடி வாங்கிப் பழகியவர் எப்படிச் சுருண்டுகொள்ள வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார். பிறகு தூக்கி நிறுத்தி, கேள் என்று என்னிடம் சொன்னார்கள். மூக்கிலிருந்து ரத்தம் மோவாய்வரை வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பைக்குள் அந்தத் தாள் நெஞ்சில் குத்தியது. எடுத்து நீட்டினால் போதும். நான் நாலடி முன்னால் போய், அந்த முகத்தில், அடி வாங்கிய அதே கன்னத்தில், ஓங்கி அறைந்தேன். "உண்மையச் சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

உண்மையைச் சொல்! நான் சொன்னேன் அதை. என் வாயால்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போலீசுக்குப் போனால் விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றார். ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. வீட்டில் என் மனைவி காயத்தைக் கழுவி, விரல்களைச் சேர்த்துக் கட்டுப்போட்டாள். யார் அடித்தது என்று கேட்டாள். "விழுந்திட்டன் அக்கா," என்றார். அவள் நம்பவில்லை. அடுத்த வாரமே கராஜைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் காட்டிக்கொடுத்தவனாம், இங்கேயும் காட்டிக்கொடுத்தவனாம் என்று பொங்கல் கூடுகையில் கேசரித் தட்டோடு நின்றவர்கள் பேசினார்கள். அவருக்காக இமிக்ரேஷனுக்குக் கடிதம் எழுதித் தருவதாக இருந்த ஒருவர், இப்போது வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டார். நான் கேசரி தின்றுகொண்டிருந்தேன்.

துணி துவைக்கும்போது மனைவி அந்தத் தாளைக் கண்டெடுத்தாள். அவளுக்கு அச்சுத்தொழில் தெரியாது, ஆனால் என்னைத் தெரியும். கல்யாணப் பத்திரிகைக் கதையும் தெரியும். மேசைமேல் விரித்துவைத்து அடிவரியில் விரலை வைத்தாள்.

"இது நீங்க வச்சதுதானே?"

"ஆமா."

"அந்தத் தம்பிய அடிச்சப்ப இது உங்க பாக்கெட்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப உங்க கையும் பட்டுச்சா அவர் மேல?"

நான் தலையை ஆட்டினேன். அவள் தண்ணீர்க் குவளையை எடுத்து என்மேல் எறிந்தாள். புருவத்தில் பட்டுக் கிழிந்தது. இத்தனை காயம் கட்டியவள் அதற்குக் கட்டுப்போட வரவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த அடிக்கு நான் இன்றுவரை அவளுக்கு நன்றிதான் சொல்கிறேன்.

புருவத்தில் பிளாஸ்டரோடு வெல்டர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். வாய் கம்பியால் பூட்டியிருந்தது. தாளை அவர்கள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெல்டர் எழுந்து என் சட்டையைப் பிடித்தான், ஓங்கினான். பிறகு தன் கையைத் தானே பார்த்துவிட்டுச் சுவரில் குத்திக்கொண்டான். மறுபடி குத்தினான், தோல் உரியும்வரை. அவள் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள். "என் கட்டுரையை நீதானே அச்சடித்தாய். படிக்கவில்லையா?"

 அந்த இரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம்.

நடந்ததை ஒற்றைத் தாளாக அடிக்கச் சொன்னாள். யார் பெயரும் வேண்டாம், விதி விதிதான் என்று எழுதிக் காட்டினாள். நான் மறுத்தேன். கோப்பவன் ஒரு வரிக்கு மாட்டேன் என்று சொல்லலாம் அல்லவா. பெயரில்லாமல் இதை அடிக்க மாட்டேன் என்றேன். அவள் சரி என்று தலையசைத்தாள். முதலாளிக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பினார். ஆனால் பழுது பார்த்த மெஷினில் அந்த ஒரு தாளை ஓட்டிவிட்டுப் போக விட்டார். அடிவரியை வைத்ததிலிருந்து சட்டைப்பைவரை எல்லாம் அதில் இருந்தது. அடியில் என் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் போட்டேன். அந்தப் பத்திரிகையில் ஒரே ஒரு முறை ஒரு பெயர் வந்தது என்றால் அது என்னுடையது. மறியல்காரர்களுக்குக் கொடுத்தேன். கோயில் பூஜை நடக்கும் மண்டபத்து வாசலில் நின்று, கேசரி தின்ற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். கடிதம் எழுத மறுத்தவர் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினேன்.

கடைசியாக யாழ்ப்பாணத்துக்காரரைத் தேடிப் போனேன். ஹென்டர்சனுக்கு அப்பால் ஒரு பழத்தோட்டத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் நேராகச் சேரவில்லை, பெட்டியைப் பிடிக்கும்போது அவை மட்டும் விலகி நின்றன. தாளைக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இது எனக்கு முதலே தெரியும் அண்ணை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மடிக்கேக்கையே கண்டனான். சில தாளிலை கிடந்தது, சிலதிலை இல்லை. கேப்பம் எண்டு நினைச்சு மறந்திட்டன். கடையை உடைச்சவங்கள் எண்டு கேள்விப்பட்ட உடனை விளங்கிட்டுது."

"அப்ப அன்னைக்கு ஷெட்ல ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அதைச் சொன்னால் நான் உங்களைக் காட்டிக்குடுத்ததாய்ப் போயிருக்கும். அதைச் செய்யாத ஆள் நான் எண்டு சொல்லித்தானே இந்த நாட்டுக்கு வந்தனான்." தாளை ஓரம் ஓரத்தோடு வைத்து மடித்தார். வளைந்த விரல்களால் மடிப்பை அழுத்தினார். "நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போனார். நான் ஸ்டேஷன்வரை நடந்தே வந்தேன். வழியில் யாரும் என்னை அடிக்கவில்லை.